இரும்புச் சக்கரத்துக்குக் காற்றடித்த வரலாறு

சேந்தமங்கலத்துப் பச்சமுத்து வைத்திருந்த டிராக்டருக்கு வயது ஐம்பத்தெட்டு. நான்கு சக்கரமும் முழு இரும்பு. சுற்றிலும் சாண் நீளப் பற்கள். பார்க்க லட்சணமாக இருக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஏரிக்குக் கீழே இருக்கிற அவருடைய வயலில் மற்ற டிராக்டர்கள் வயிறு வரைக்கும் புதைந்து நிற்கும்போது, இது மட்டும் அலட்டிக்கொள்ளாமல் நடந்து போகும்.

வீட்டுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு தார்ச்சாலை. பற்கள் அதைக் கீறிவிடக் கூடாது என்று பச்சமுத்து பழைய லாரி டயர்களை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் ஏற்றித்தான் கடப்பார். அப்படியொரு நல்ல மனிதர். நல்லவராக இருந்ததால்தான் வினையே வந்தது.

நாற்று விட்டு இருபத்திரண்டாம் நாள் காலை. டயர்கள்மேல் ஏறிய டிராக்டர் பாதிச் சாலையில் நின்றபோது வாகன ஆய்வாளர் ஜீவானந்தத்தின் ஜீப் வந்தது. அவர் வண்டியை ஒருமுறை வலம் வந்து, படிவத்தை எடுத்து, 'டயர்: உண்டு' என்று எழுதினார். அடுத்த கட்டம் காற்றழுத்தம்.

"எத்தனை பவுண்டு?"

"காத்தே இல்லீங்க. இது இரும்புங்க."

"டயர் இருக்கே."

"அது ரோடு கெட்டுப் போகுமேன்னு அடியில போட்டதுங்க."

"டயர் சக்கரத்துக்கு அடியிலதான் இருக்கும். பின்னே தலைமேலயா இருக்கும்?"

பச்சமுத்து குனிந்து பார்த்தார்; டயர் சக்கரத்துக்கு அடியில்தான் இருந்தது. டயர் இருந்தும் காற்று இல்லாத வண்டி பழுதுபட்ட வண்டி ஆகிறது. பழுதுபட்ட வண்டி, பொதுமக்கள் நலன் கருதி, லாரியில் ஏற்றப்பட்டு அலுவலக வளாகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது.

மறுநாள் பச்சமுத்து அலுவலக எழுத்தர் ரஞ்சிதாவிடம் போய் நின்றார். "டயர்னு எழுதினதை அடிச்சுட்டு மாத்தி எழுதக் கூடாதுங்களா, அம்மிணி?"

"அடிக்கறதுக்கு மேலிடத்து உத்தரவு வரோணுமுங்க. ரெண்டு வருசம் முன்னால ஒருத்தர் ஸ்கூட்டருக்கு ஆறு சக்கரம்னு எழுதிப்போட்டாங்க. பாவம், இன்னும் நாலு சக்கரம் தேடிட்டு இருக்கறாருங்க."

நாற்று இருபத்தாறாம் நாளைத் தொட்டது. முப்பதைத் தாண்டினால் முற்றிப்போகும். நட்டாலும் தூர் கட்டிக் கிளைக்காது. பச்சமுத்து அலுவலகத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த ஜாபரிடம் புலம்பினார். அங்கே நடப்பதையெல்லாம் இருபது வருடமாகப் பார்த்து வந்த ஜாபர் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, காத்து எங்க இருக்கோணும்னு படிவத்துல கேட்டிருக்குதா?"

"அதெல்லாம் கேக்கலீங்க."

"அப்புறமென்ன?"

ஜாபர் நான்கு டியூபுகளில் காற்றடித்து, வளாகத்தில் நின்ற டிராக்டரின் மட்கார்டில் மாலை மாதிரி தொங்கவிட்டார். ஜீவானந்தம் கேஜை வைத்துப் பார்த்தார். முள் லேசாக அசைந்தது. 'இரண்டு பவுண்டு' என்று மனநிறைவோடு எழுதி, வண்டியை விடுவித்துவிட்டு, கீழே ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: மேற்படி காற்று இன்றி மேற்படி வண்டி இயக்கப்படலாகாது.

இருபத்தெட்டாம் நாள், டியூபுகள் ஊஞ்சலாட, பச்சமுத்து சேறு கலக்கி உழுதார். நடவும் முடிந்தது. வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த ஊருக்கு, ஐம்பது வருடமாகப் பார்த்துச் சலித்த இரும்புச் சக்கரம் கண்ணில் படவில்லை, டியூப்தான் பட்டது. வண்டி புதையாத ரகசியம் புரிந்துவிட்டது. ஒரே வாரத்தில் பக்கத்து வயல் தனபாலின் புது டிராக்டரில் ஆறு டியூபுகள் தொங்கின. ரஞ்சிதாவின் ஸ்கூட்டரில்கூடச் சின்னதாக ஒன்று, சிவப்புக் குஞ்சத்தோடு. ஜாபர் கடையில் வரிசை நின்றது.

தனபாலின் டிராக்டர் ஆறு டியூபோடும் புதைந்தது. அவர் சேறும் சகதியுமாகப் பச்சமுத்துவின் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"அண்ணா, உங்க வண்டியில ஒரு ஓட்டு ஓட்டிக் குடுங்க. நாத்து விட்டு இன்னிக்கு முப்பது நாளாச்சுங்க."

பச்சமுத்துவுக்கு அந்தத் தவிப்பு நன்றாகத் தெரியும். உடனே சாவியை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனார். போனவர், டியூபுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். ஒன்று தொய்ந்திருந்தது. சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

"காத்து கம்மியா இருக்குது, தனபாலு. இப்படி எடுக்கறது முறையில்லை. நாளைக்கு வா சாமி, பாக்கலாம்."