நான் அறுவடை செய்த சீனப் புத்தாண்டு

நம் நாட்டில் வசந்த காலம் கிடையாது. வெயில், மழை, இரண்டுதான். ஆனால் சீனப் புத்தாண்டு நெருங்கும்போது கோலசிலாங்கூருக்கு வசந்தம் லோரியில் வந்து இறங்கும். அப்படி ஓர் அன்பளிப்புக் கடை வாசலில் இறங்கிய வசந்தத்தை ஒரே காலையில் மொட்டையடித்தவன் நான்தான். (கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்ற பிறகு ஒப்புக்கொள்ள என்ன வெட்கம்!)

கடை சரோஜா அக்காவுடையது. தீபாவளிக்கு விளக்கு, நோன்புப் பெருநாளுக்குப் பலகாரக் கூடை, சீனப் புத்தாண்டுக்குச் சின்னச் சின்ன ஆரஞ்சுப் பழம் காய்த்துத் தொங்கும் லிமாவ் செடி. ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்த எனக்கு அதுதான் முதல் வேலை.

"சீனப் பெருநாள் முடியட்டும். ஒழுங்கா இருந்தீன்னா நிரந்தரம்" என்றார் அக்கா.

"செடியெல்லாம் என்கிட்ட விட்டுருங்கக்கா. எங்கப்பா மண்டோரு" என்றேன். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோரின் மகனுக்குத் தாவரங்கள் தாமாகவே தலைவணங்கும் என்பது என் எண்ணம். அம்மா வேறு, மகனுக்கு டவுனில் நிரந்தர வேலை என்று எங்கள் வரிசைவீடுகள் இருந்த லயம் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார்.

வந்த செடிகளில் இடுப்பளவு உயரமான இரண்டு, செகிஞ்சானில் புதுக்கடை திறக்கவிருந்த ஒரு சீன முதலாளி, எங்கள் வழக்கில் தவுக்கே, சொல்லிவைத்தவை. "பத்திரமா பாத்துக்கடா, சாயங்காலம் வருவாரு" என்று சொல்லிவிட்டு, சிவப்பு ரிப்பன் வாங்க அக்கா சுங்கை பெசார் போனார்.

நான் பார்த்தேன். தொட்டியடியில் ஐந்தாறு பழங்கள் உதிர்ந்து கிடந்தன. செம்பனையில் உதிரி விழுந்தால் குலை பழுத்துவிட்டது என்று அர்த்தம். அன்றே வெட்டாவிட்டால் என் அப்பா போடுகிற சத்தத்தில் மரமே தானாகக் குலையை இறக்கிவிடும்.

கத்தரிக்கோலை எடுத்தேன். மதியத்துக்குள் இரண்டு செடியிலும் அறுவடை முடிந்தது. (பெரிசு, சிறிசு என்று தரம் வேறு பிரித்தேன்.) பழம் வீணாகக்கூடாதே என்று நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு, அலமாரியிலிருந்த அன்பளிப்பு ஜாடிகளிலேயே அடைத்துவைத்தேன். அக்கா அன்றைக்கே நிரந்தரமாக்கிவிடுவார் என்று நம்பினேன்.

திரும்பி வந்த அக்கா ரிப்பன் பையைக் கீழே போட்டார். "பழம் எங்கடா?"

"அறுத்தாச்சுக்கா. ஒன்னுகூட விடல."

"அடப்பாவி! அந்தப் பழந்தான்டா அவங்களுக்கு அதிர்ஷ்டம்! எவ்வளவு தொங்குதோ அவ்வளவு வரும்படின்னு வாசல்ல வைக்கத்தானே கேட்டாரு!"

ஒரு பழத்தை நூலால் கிளையில் கட்டிப் பார்த்தேன். பாதியாக நறுக்கிய பழம், மிளகாய்த்தூளோடு தொங்கியது. அதற்குள் தவுக்கேயின் வண்டி வந்து நின்றது.

அவர் முன்பு ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். செடிகளை இரண்டு முறை சுற்றி வந்தார். "தம்பி, நான் கட தெறக்கல. அதுக்குள்ள நீ காலி பண்ணிட்டியா லா?"

உதிரி விழுந்த கதையை, அப்பா மண்டோர் என்பதையும் சேர்த்து, தட்டுத்தடுமாறிச் சொன்னேன். லயத்துக்குத் திரும்பி அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

"மண்டோர் மகனா?" என்று கேட்டவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு உள்ளே போய் பிளாஸ்டிக் பூமரம் இரண்டைத் தூக்கிக்கொண்டார். "இது போதும் லா. இத நீ அறுக்க முடியாது." போகும்போது ஒரு ஜாடி ஊறுகாயையும் எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அக்கா, "அவரு ஊறுகாய் இன்னும் ரெண்டு ஜாடி கேக்கறாரு. நீ இரு. ஆனா செடிப்பக்கம் போனே, தொலைச்சிருவேன்" என்றார்.

வேலை நிரந்தரமானது. பின்னர் அக்காவின் தங்கையையே கட்டிக்கொண்டதால் கேலியும் நிரந்தரமானது. இன்றைக்கும் லிமாவ் செடிகள் வந்து இறங்கியதும் அக்கா அவற்றின் முன்னால் ஓர் அட்டையை மாட்டிவிடுவார்.

இந்த வருஷம் முதலாம் வகுப்பில் சேர்ந்த என் மகள், அதன் முன் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ப... றி... க்கா... தே. பெரியம்மா, செடி வாங்க வர்றவங்க எல்லாம் சீனவங்கதானே? ஏன் தமிழ்ல மட்டும் எழுதியிருக்கீங்க?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.