சுதேசி வீடும் வரதன் மீசையும்

வரதன் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். அதைச் செய்து முடிப்பாரா என்பது வேறு விஷயம், ஊருக்குச் சொல்லி முடித்துவிடுவார். இந்த முறை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், காலை டீக்கு வந்த அத்தனை பேர் எதிரிலும் சொன்னார். ஏரிக்கரைப் பக்கம் தான் கட்டுகிற புது வீட்டில் செங்கல்லில் இருந்து ஸ்க்ரூ வரை எல்லாமே நம்ம நாட்டில் செய்ததாகத்தான் இருக்கும். வெளிநாட்டுச் சாமான் ஒன்று இருந்தாலும் மீசையை எடுத்துவிடுவார்.

யாராவது மீசையைப் பற்றிக் கேட்டார்களா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எதிர் பெஞ்சில் மளிகைக் கடை கோபால் உட்கார்ந்திருந்தார். தன் வீட்டுக்கு இத்தாலி மார்பிள் போட்டவர். அவரைக் கண்டால் வரதனுக்கு வாய் தன்னால் நீளும்.

அது சாதாரண மீசையும் இல்லை. உரக்கடை கல்லாவில் வரதன் உட்கார்ந்தால் முதலில் தெரிவது மீசை, அப்புறம்தான் மூட்டை. வாராவாரம் மை பூசுவார். அந்த மை தலையணை உறையில் இறங்கும், துண்டில் இறங்கும். எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்துத் துவைப்பது அவர் மனைவி சுகிர்தா.

சரி, எது நம்ம நாட்டுச் சரக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாரோ வாட்ஸப்பில் வழி சொல்லியிருந்தார்கள். அட்டையில் கோடு கோடாக இருக்கிறதே, அதன் கீழே 890 என்று ஆரம்பித்தால் இந்தியா. அவ்வளவுதான். அது சரியா என்று விசாரிக்கிற பழக்கமெல்லாம் வரதனுக்குக் கிடையாது. அன்றிலிருந்து நம்பர் இல்லாத சாமான் வாசலோடு திரும்பிப் போனது. நல்ல தாழ்ப்பாள் ஒன்று அப்படித்தான் போனது. செங்கல்லைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து ஊர் சூளையில் நீங்களே நின்று ஏற்றிவந்த கல்லுங்க என்று மேஸ்திரி பெஞ்சமின் சொன்ன பிறகுதான் இறக்க விட்டார். இதோடு நின்றாரா? டைல்ஸ் பெட்டியில் இருந்த நம்பரைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் படித்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டுமாம்.

சுகிர்தாவுக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு ஆசை. செங்கல்பட்டில் தங்கை வீட்டுச் சமையலறையில் பார்த்த கறுப்புக் கல் சிங்க்.

"அத்தப் பாத்தாலே தெரியலையா? சீனாக்காரன் சரக்கு. அந்த மாதிரி வழவழப்பு நம்ம ஆளுங்களுக்கு வருமா?" என்றார் வரதன்.

"நம்ம நாட்டு சாமான்தான் ஒசத்தின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறீங்க?"

"ஒசத்திதான். ஆனா வழவழப்பு வராது."

சுகிர்தா சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சண்டை போட்டால் வரதன் பயப்பட வேண்டியதில்லை. சரி என்று சொன்னால்தான் பயப்பட வேண்டும். இது கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனுஷனுக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் காஞ்சிபுரம் போய்த் திரும்பியபோது அதே மாதிரி கறுப்பு சிங்க் சமையலறையில் பதிந்திருந்தது. வரதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய்க் குனிந்தார். ஓரத்தில் பளிச்சென்று ஒரு ஸ்டிக்கர். அதில் 890. அப்பாடா! அன்றைக்கே வருகிறவன் போகிறவனை எல்லாம் இழுத்துவந்து காட்ட ஆரம்பித்தார். இதைப் பார்த்தால் வெளிநாட்டுக்காரன் வரிசையில் வந்து நிற்பான் என்றார். வழவழப்பைப் பற்றி முன்னே சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை.

விஷயம் காதில் விழுந்ததும் கோபாலுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலு பேரோடு வந்து இறங்கினார். சிங்க்கை ஒரு சுற்று பார்த்தார். பிறகு பையில் இருந்து போனை எடுத்து ஸ்டிக்கருக்கு நேராகப் பிடித்தார். அது அவர் கடையில் பில் போடுகிற போன். எந்தச் சாமானைக் காட்டினாலும் பேர் வந்துவிடும்.

வந்தது. கோபால் ஒரு தடவை மனசுக்குள் படித்தார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

"கட்டிப் பெருங்காயம், நூறு கிராம்."

வரதன் முகத்தில் ஈயாடவில்லை. சிங்க்கைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கடைசியில் சுகிர்தாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டாள். எதையோ மறைக்கிறாள் என்று வரதன் முடிவே கட்டிவிட்டார். அப்படியானால் சீனா! தன் வீட்டுக்குள்ளேயே, தன் மூக்குக்குக் கீழேயே சீனா!

"மூக்குக்குக் கீழ இன்னா நைனா செய்யப் போற?" என்று கோபால் பதமாகக் கேட்டார்.

டீக்கடைக்கு இந்த ஆள் போய்ச் சேருவதற்குள் நாமே முடித்துவிட்டால் மானமாவது மிஞ்சும் என்று வரதன் நேரே சலூனுக்கு நடந்தார். முழுசா எடு என்றதும் கடைக்காரர் கத்தியோடு திகைத்து நின்றார். முடிந்ததும் கண்ணாடியில் யாரோ ஒரு ஆள் பாவமாக உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் பெஞ்சமின், ஓனர் வெளிய போயிருக்காருங்க, அப்புறமா வாங்க என்றார்.

சுகிர்தாவுக்கு மட்டும் உடனே அடையாளம் தெரிந்தது. முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறது என்றாள்.

"சீனா சிங்க்க வாங்கி வெச்சி என் மானத்த வாங்கிட்டியேடி."

"சீனான்னு யாரு சொன்னாங்க? கீழ படுத்து அடியில பாருங்க."

வரதன் தரையில் மல்லாந்து சிங்க்குக்கு அடியில் தலையை விட்டார். கல்லிலேயே பெரிதாகப் பொறித்திருந்தது. மேட் இன் இந்தியா. குஜராத்து என்று ஊர்ப் பேரும் இருந்தது. படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

நம்பர் ஸ்டிக்கர் இல்லாமல் வந்தது, தாழ்ப்பாளைத் திருப்பி அனுப்பின மாதிரி இதையும் அனுப்பிவிடுவீர்கள் என்றுதான் பெருங்காய டப்பாவில் இருந்ததை உரித்து ஒட்டினேன் என்று அவள் மேலிருந்து நிதானமாகச் சொன்னாள்.

அடியில் படுத்தபடியே வரதன் கேட்டார்.

"அடிப்பாவி, இத்த கோபால் எதிர்லயே சொல்லியிருந்தா என் மீசை இருந்திருக்குமே."

"அதனாலதாங்க சொல்லல."