வேலம்மை வயிற்றுப் பலூன்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வேலம்மை என்றொரு கரடி இருந்தாள். தேன் என்றால் அவளுக்கு உயிர். தின்ற தேனெல்லாம் இடுப்பில் தங்கி, ஒருநாள் அவள் ஏறிய கிளை முறிந்தது. கீழே முயல் வீட்டுக் கல்யாணப் பந்தல். மாப்பிள்ளை தப்பித்ததே பெரிய விஷயம். அதோடு மரமேறுவதை விட்டுவிட்டாள். அண்ணாந்து தேன்கூட்டைப் பார்த்தாலே அழுகை வந்தது.

அழுத கண்ணோடு டாக்டர் கொக்கிடம் போனாள்.

"கத்தி வேண்டாம், தையல் வேண்டாம்," என்றார் கொக்கு. "வாயைத் திறங்க. ஒரு பலூனை அலகால உள்ள தள்ளி, நீலத் தண்ணி நிரப்பிடுவேன். பாதி வயிறு அதுக்கே போயிடும், பசிக்காது. ஆறு மாசத்துல எடுத்துடலாம்."

"நீலம் எதுக்கு டாக்டர்?"

"பலூன் கசிஞ்சா மூத்திரம் பச்சையாப் போகும். போனா அந்த நிமிஷமே ஓடி வந்துடணும். முதல் வாரம் கஞ்சித் தண்ணி மட்டும்தான்."

வேலம்மை பலூனை வைத்துக்கொண்டு வீடு திரும்பினாள். எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கும். ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம். உடம்பு முடியாதவரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். கொண்டுபோனதைக் கண்முன்னால் தின்னவைக்காமல் திரும்பவும் மாட்டார்கள்.

முதலில் வந்தவள் காட்டுப்பன்றி சடைச்சி. வேலம்மைக்கு அத்தை முறை. முதுகில் ஒரு முழுப் பலாப்பழம்.

"எனக்காக ஒரு சுளை."

"அத்தை, கஞ்சித் தண்ணி மட்டும்னு டாக்டர்..."

"கொக்குக்கு என்னடி தெரியும்? ஒத்தைக் கால்ல நிக்கிற ஆளு!"

அத்தை முகம் வாடினால் வேலம்மைக்குத் தாங்காது. தின்றாள். பலூனும் பலாச்சுளையும் இடத்துக்கு அடித்துக்கொண்டன. தோற்ற சுளை வெளியே வந்து விழுந்தது.

"வெறும் வயிறு, அதான் குமட்டுது. இன்னொண்ணு போடு," என்றாள் அத்தை.

அடுத்து மந்தி வாழைத்தாரோடு வந்தாள், யானை கரும்புக் கட்டோடு வந்தார். தின்பதும் கக்குவதுமாகப் பொழுது போயிற்று. வேலம்மைக்கு நாக்கு வறண்டது, கண் உள்ளே போனது. இடுப்பும் உள்ளே போனது. எல்லோரும் இடுப்பை மட்டும்தான் பார்த்தார்கள்.

ஒரு காலை மூத்திரம் பச்சையாகப் போயிற்று. வேலம்மை பதறிப்போய்க் கிளினிக்குக்குக் கிளம்பினாள். அத்தை வழிமறித்தாள்.

"எங்கடி ஓடுற? நேத்து நான் குடுத்த முருங்கைக்கீரைச் சாறு வேலை செய்யுது. சத்து நிரம்பி வழியுது. இப்பப் போய் டாக்டர்கிட்ட நின்னா, என் கைப்பக்குவத்தை நம்பலைன்னு ஆகாதா?"

ஆகும்தான். வேலம்மை உட்கார்ந்துவிட்டாள். இந்த இடத்தில் எனக்கே கோபம் வருகிறது. உயிர் போகிற சமயத்திலும் அத்தை முகம் கோணக் கூடாதாம்!

சுருங்கிப்போன பலூன் வயிற்றைவிட்டு நழுவி, குடலில் போய் அடைத்துக்கொண்டது. வலியில் அவள் போட்ட சத்தத்துக்குக் காடே கூடியது. டாக்டர் கொக்கு ஓடி வந்து, அவள் தொண்டைக்குள் தன் தலையைக் கழுத்துவரை விட்டுத் தேடிப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார்.

"வயித்துல இல்ல. குடலுக்கு என் அலகு எட்டாது. நண்டைக் கூப்பிடுங்க, சீக்கிரம்!"

நண்டுதான் அந்தக் காட்டில் ஆபரேஷன் டாக்டர். வயிற்றைக் கீறி, பலூனை எடுத்து, மறுபடி தைத்து முடித்தார். கண் திறந்த வேலம்மைக்குத் தேன் நினைவு வரவில்லை. அப்பாடா, இருக்கிறோம் என்று மட்டும் தோன்றியது.

"எப்படி இளைச்சுட்டா பாருங்க!" என்றாள் மந்தி. "எனக்கும் ஒண்ணு வச்சுக்கணும்."

"வேண்டாம்," என்றாள் வேலம்மை, மிச்சமிருந்த தெம்பையெல்லாம் திரட்டி. "செத்துப் பிழைச்சிருக்கேன். யாரும் போகாதீங்க."

சடைச்சி அத்தை யானையின் காதைக் கடித்தாள்.

"கேட்டீங்களா? தான் மட்டும் ஒல்லியா இருக்கணுமாம்."

அன்று சாயங்காலமே கொக்கின் கிளினிக் வாசலில் தொடங்கிய வரிசை ஆற்றங்கரைவரை நீண்டது. முதல் ஆளாக அத்தை நின்றாள்.

நீதி: உயிர் போய்த் திரும்பி வந்தால் பரவாயில்லை, போன எடை திரும்பி வராமல் இருந்தால் சரி.