நான்கு வளையங்களும் கை நடுக்க நிவாரணப் பிரிவும்

காரின் சக்கரம் அச்சில் நடுவாக உட்கார வேண்டும் என்பதில் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. நடு எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில்தான் சிறிது தாமதம் ஏற்பட்டது.

நான் அந்த அலுவலகத்தின் வாகனப் பட்டறையில் மெக்கானிக். என் தங்கை கணவர் அங்கேயே இயக்குநரின் டிரைவர். இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போனார். வாசலில் நின்ற பதினான்கு கார்களில் பதினொன்றுக்குப் பளபளக்கும் அலாய் சக்கரம் என்று மாப்பிள்ளை எண்ணி வந்து சொன்னார். மாநாட்டில் என்ன பேசினார்கள் என்பதை இயக்குநர் யாரிடமும் சொல்லவில்லை. சக்கரத்தைப் பற்றி எல்லோரிடமும் சொன்னார்.

ஒன்பது கையொப்பங்களுக்குப் பிறகு நான்கு அலாய் சக்கரங்கள் பட்டறைக்கு வந்தன. அளந்து பார்த்தேன். சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் நடுவே ஒரு வட்ட மேடு உண்டு. அதன் அகலம் ஐம்பத்தேழு மில்லிமீட்டர். புதுச் சக்கரத்தின் நடு ஓட்டை எழுபத்து மூன்று. பலவகை வண்டிகளுக்கும் ஆகட்டும் என்று பெரிதாக விட்டிருக்கிறார்கள். அதில் குற்றமில்லை. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட்டால் சக்கரம் நடுவில் உட்காரும். போடாவிட்டால் மயிரிழை தள்ளி உட்காரும். வண்டி எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் உதறும்.

ஸ்டோருக்குப் போய் நான்கு வளையம் கேட்டேன்.

“ஆணையில நாலு சக்கரம், பதினாறு நட்டுன்னுதான் இருக்கு. வளையம் எந்தத் தலைப்புல வரும்?” என்றார் ஸ்டோர் கிளார்க்.

“சக்கரத்தோட சேர்ந்ததுதான் சார்.”

“மாட்டினப்புறம் வெளியில தெரியுமா?”

“தெரியாது. உள்ள போயிடும்.”

“தெரியாதுன்னா அலங்காரத்துல வராது. பழைய சக்கரத்துல இருந்துச்சா?”

“இல்ல. அதுல ஓட்டையே சரியா இருந்துச்சு.”

“இல்லாததை மாத்த முடியாது. அதனால உதிரிபாகத்துலயும் வராது. அலங்காரமும் இல்ல, பாகமும் இல்ல. அப்படி ஒரு பொருளே கிடையாதுங்க.”

பட்டறைக்குத் திரும்பினேன். இயக்குநர் படியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே மாட்டிவிட்டேன்.

மறுநாள் எண்பதில் ஸ்டியரிங் உதறியது. பின்சீட்டில் இயக்குநர் போட்ட கையொப்பம் கோப்பில் தொடங்கிக் கால்சட்டையில் முடிந்தது. மூவர் குழு அமைக்கப்பட்டது. நான்கு அமர்வுகளில் குழு உண்மையைக் கண்டறிந்தது. சக்கரங்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டவை, அனுமதிக்கப்பட்டவற்றில் குறை இருக்க வாய்ப்பில்லை, ஆடியது ஸ்டியரிங், அதைப் பிடித்திருந்தவர் டிரைவர். ஆகவே அவருக்குக் கை நடுக்கம். பதினைந்து நாளில் குணமாகாவிட்டால் பணிநீக்கம்.

தங்கை பட்டறைக்கே வந்துவிட்டாள். “அண்ணே, வீட்ல ஊசிக்கு நூல் கோத்துக் குடுக்கறதே அவருதான். அந்தக் கையா நடுங்குது? வேலை போச்சுன்னா ரெண்டு பொண்ணுங்களையும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

அவள் பின்னால் நின்ற மாப்பிள்ளை தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மச்சான், நிஜமாவே லேசா ஆடுதோ?”

“ஆடறது சக்கரம், மாப்ள.”

“அதை எழுதிக் குடுக்கலாமே?”

“குடுத்தேன். கையைப் பத்திப் பேச மெக்கானிக்குக்குத் தகுதி இல்லைன்னு பதில் வந்துடுச்சு.”

அலுவலக டாக்டர் மாப்பிள்ளையின் நீட்டிய கை மேல் ஒரு தாளை வைத்துப் பார்த்தார். தாள் அசையவில்லை. ‘அறையில் மறைந்திருந்து காரில் மட்டும் வெளிப்படும் நடுக்கம்’ என்று எழுதி, ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். காலை அறுபது முறை, மாலை அறுபது முறை அமுக்க வேண்டும்.

பதினான்காம் நாள் விடுமுறை. கழித்துப் போட்ட அலுமினியத் துண்டில் நான்கு வளையம் லேத்தில் கடைந்தேன். உள்ளே ஐம்பத்தேழு, வெளியே எழுபத்து மூன்று. ஹப்பின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். வளையத்தை வைத்துச் சக்கரத்தை ஏற்றினேன். நட்டுகளை எதிரெதிராகக் கையால் முடுக்கி, வண்டியை இறக்கியபின் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்கினேன். பதினாறுக்கும் ஒரே அளவு.

மறுநாள் குழு காரில் ஏறியது. நூறிலும் ஸ்டியரிங் அசையவில்லை.

“பந்து அமுக்கினீங்களா?” என்றார் குழுத் தலைவர்.

“தினம் நூத்தி இருபது தடவை சார்,” என்றார் மாப்பிள்ளை.

அது பொய்யில்லை. வளையத்தைப் பற்றிச் சொல்ல வழியும் இல்லை. அனுமதியில்லாத பொருளை அலுவலக வண்டியில் பொருத்தினோம் என்று இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதற்குள் துணை இயக்குநர் முதல் கீழே வரை இருபத்து மூன்று கார்களுக்கு அதே சக்கரம் வந்துவிட்டது. இருபத்து மூன்று டிரைவர்களுக்கும் கை நடுக்கம் கண்டது. ‘கை நடுக்க நிவாரணப் பிரிவு’ தொடங்கப்பட்டது. முதலில் குணமடைந்தவர் என்ற தகுதியில் மாப்பிள்ளையே அதன் தலைவர். தனி அறை, மின்விசிறி, சுழல் நாற்காலி. காலையில் டிரைவர்கள் அவர் முன்னால் பந்து அமுக்கினார்கள். மாலையில் ஒவ்வொருவராகப் பட்டறையின் பின்கதவுக்கு வந்தார்கள். “அண்ணே, அந்த உள்ள போடறது…”

இரண்டு மாதத்தில் தொண்ணூற்றிரண்டு வளையம் கடைந்தேன். இருபத்து மூன்று பேரும் குணமானார்கள். இயக்குநர் அடுத்த மாநாட்டில் ரப்பர் பந்தைப் பற்றி உரையாற்றிக் கேடயம் வாங்கி வந்தார்.

மறுவாரம் மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தார்.

“மச்சான், பிரிவைக் கலைக்கப் போறாங்களாம். நடுங்கற கை ஒண்ணுகூட பாக்கி இல்லையாம். பழைய வேலைக்கும் வேற ஆள் போட்டுட்டாங்க.” குரலைத் தாழ்த்தினார். “மாசம் மூணு வண்டி போதும். வளையத்தை மட்டும் கழட்டி…”

“தப்பு மாப்ள. அந்த டிரைவருங்களும் பிள்ளைகுட்டிக்காரங்க.”

“அவங்களையே கேளுங்க.”

பின்கதவைத் திறந்தேன். ஏழு டிரைவர்கள் வரிசையில் நின்றார்கள்.

“அண்ணே, சிகிச்சைன்னா பதினஞ்சு நாள் வண்டி எடுக்க வேண்டாமாம், சம்பளம் உண்டாம்,” என்றார் முதலில் நின்றவர். “என் வண்டியை முதல்ல கழட்டிடுங்க.”

“நான் காலையில ஆறு மணியிலேருந்து நிக்கறேன்!” என்றார் இரண்டாமவர்.

இருட்டுவதற்குள் மூன்று வண்டிகளிலிருந்து பன்னிரண்டு வளையங்களைக் கழற்றி, எண்ணெய் தடவி, வண்டி எண் எழுதித் தனித்தனியாகக் கட்டி வைத்தேன். பதினாறாம் நாள் மாட்டும்போது ஒன்றுக்கொன்று மாறிவிடக் கூடாது பாருங்கள்.