வியாழனுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதன் வழியாக ஒருநாளும் எட்டிப் பார்க்காத ஆளை நீங்கள் கண்டதுண்டா? இல்லையென்றால் பிள்ளையார்பாளையத்துக்கு வாருங்கள். குமாரவேல் இருக்கிறார். கிரகப் படக்காரர் என்பது இந்த இனத்தின் பெயர்.

கண் வைக்க வேண்டிய இடத்தில் கேமராவைத் திருகி, அதன் ஒயரை லேப்டாப்பில் செருகி, வானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆயிரக்கணக்கில் படம் பிடித்து, தேறாததைக் கழித்து, தேறியதை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மிளகளவு வியாழனைப் பட்டாணியளவு ஆக்கி, அதையும் "இன்னைக்குக் காத்து சரியில்ல" என்ற முன்னுரையோடுதான் காட்டுவார். காற்று என்றைக்குச் சரியாக இருந்தது? சாயப்பட்டறை அடுப்பின் சூடு, எதிர்வீட்டுத் தோசைக்கல்லின் ஆவி, எல்லாமே அவருக்கு எதிரான சதி. எதிர்வீட்டுக் கண்ணாயிரத்துக்கோ ஒரே கேள்விதான்: "சார், குரு எங்க ராசியப் பாக்குறாரா?"

ஆனால் பெரிய எதிரி கீழே இருந்தது. மனைவி தில்லையம்மாளின் தறி. தறி அடித்தால் சுவர் அதிரும். சுவர் அதிர்ந்தால் வியாழன் குதிக்கும்.

ஒரு நாள் மாலை, வியாழனின் நிலாக்களில் ஒன்றான அயோவின் நிழல் வியாழனின் முகத்தைக் கடந்துகொண்டிருந்தது. குமாரவேல் மாடிப்படியிலிருந்து கத்தினார்.

"தில்லை! தறிய நிறுத்து!"

"நிறுத்துறேங்க. ஆனா இன்னைக்கு அந்தக் கேமராவக் கழட்டிட்டு, என் கண்ணுக்கு ஒருவாட்டி நேரா காட்டணும். வாங்கின நாள்லேருந்து கேட்டுக்கினு இருக்கேன்."

"காட்டுறேம்மா, வா."

முகூர்த்தச் சேலை பாதியில் நின்றது. தில்லையம்மாள் மேலே வந்தார். குமாரவேல் லேப்டாப்பைக் காட்டினார்.

"இத்தத்தான் தினம் பாக்குறனே. நெசமான குரு எங்க?"

"இதோ முடிஞ்சிடும்."

ஒரு வீடியோ முடிந்தது. அடுத்தது தொடங்கியது. "இதோ முடிஞ்சிடும்." நிழல் இதற்குள் பாதி முகத்தைத் தாண்டிவிட்டது. இன்னொரு "இதோ" சொல்லித் திரும்பினால், ஆளைக் காணோம்.

கீழே தடக் என்றது. திரையில் வியாழன் துள்ளியது. தடக், தடக். வியாழன் சாமியாடியது.

"இன்னாம்மா பண்றே!"

"என் பொழப்பப் பாக்குறேங்க!"

குமாரவேல் கேமராவைக் கழற்றினார். பல்லைப் பிடுங்கக் கொடுத்தவரின் முகம். பெட்டியிலேயே கிடந்த கண்வில்லையைத் துடைத்துப் பொருத்தி, மனைவியைக் கூப்பிட்டார். தில்லையம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

"ஏங்க... கொழந்தைக்கு வெச்சாப்பல, கறுப்பா ஒரு திருஷ்டிப் பொட்டு! பக்கத்துல பொடிசா மூணு முத்து!"

குமாரவேலுக்குச் சுருக்கென்றது. அந்த நிழலை எத்தனையோ முறை படம் பிடித்திருக்கிறார். பார்த்ததில்லை.

"கொஞ்சம் நகரு, நானும் பாக்குறேன்."

"இதோ முடிஞ்சிடும், இருங்க."

நிழல் வியாழனை விட்டு இறங்கும்வரை தில்லையம்மாள் நகரவில்லை.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன மாசித் திருவிழாவில் காமாட்சியம்மன் வெள்ளித் தேர் வந்தபோது நீங்களும் கூட்டத்தில் நின்றீர்கள் அல்லவா? அம்மனுக்கு அன்று என்ன நிறத்துப் புடவை? சொல்லுங்கள் பார்ப்போம்.

போனை எடுக்காமல்.