குண்டுமல்லிக்கு மிஸ்டு கால்

புனே நகரத்தில் செல்போன் கோபுரத்தைப் பார்த்துக் கைநீட்டித் திட்டிய முதல் தமிழர் எங்கள் அலை அண்ணாச்சிதான். எங்கள் பேட்டையான சாங்வி முழுக்கக் கேட்டது என்பதால் இதை யாரும் மறுக்க முடியாது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலை ஊழியர், தனிக்கட்டை, எனக்கு எதிர் ஃபிளாட். பக்கத்துக் கட்டடத்து மொட்டைமாடியில் கோபுரம் முளைத்த அன்றே, அதன் அலை பட்டால் செடி பூக்காது, குருவி முட்டையிடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பக்கத்துப் பேட்டை கசார்வாடிக்குப் போய்க் கோழிக்கூட்டுக் கம்பிவலை வாங்கி வந்து பால்கனியை மூடினார். வீட்டுக்குள் வருகிறவர்கள் செல்போனை வாசலிலேயே சப்பாத்தி டப்பாவில் போட்டு மூட வேண்டும். கேஸ்காரருக்கும் விலக்கு இல்லை. “ஆதி மொபைல், மக் சிலிண்டர்!” என்று, முதலில் மொபைல், அப்புறம்தான் சிலிண்டர் என மராத்தியில் மிரட்டிப் போனைப் பிடுங்கிக்கொள்வார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய குண்டுமல்லி பூக்கும்வரை நானும் சிரித்தேன். தொட்டி தெரியாத அளவுக்குப் பூத்தது. அதே நர்சரியில் நான் வாங்கிய செடி வெறும் இலையோடு நின்றது. என் மனைவி தினமும் அவர் வீட்டுப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு என் எதிரிலேயே நடமாடினாள்.

“அண்ணாச்சி கைராசிங்க. உங்களுக்குத்தான் போன் பேசவே நேரம் சரியா இருக்கே.”

வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைக்க விரும்பவில்லை.

ஒரு கல்யாணத்துக்காக அண்ணாச்சி ஊருக்குக் கிளம்பினார். “செடிக்குத் தண்ணி மட்டும் ஊத்தும் வே” என்று சாவியை என்னிடமே தந்தார். ஊற்றினேன். கூடவே என் செல்போனைச் சார்ஜரோடு அந்தச் செடிக்குள் சொருகிவைத்தேன். ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து தினம் பத்துத் தடவை அதற்கு அடித்தேன். ஒவ்வொரு ரிங்குக்கும் ‘கருகித் தொலை’ என்று மனதார வாழ்த்தினேன்.

பாவி மல்லி, ஒரே வாரத்தில் இரண்டு மடங்கு பூத்தது.

வெறுத்துப்போய்ப் போனை உருவிக்கொண்டிருந்தேன். சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்னதாகவே வந்து, பெட்டியோடு பின்னால் நின்றார் அண்ணாச்சி. மறைக்க வழியில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் பூவைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“ராத்திரி இத எங்க வே வைப்பீரு?”

“தலகாணிக்குக் கீழ, அண்ணாச்சி.”

“செடி தாங்கிட்டு. நீரு தாங்குவீரா?”

குரலில் கோபமே இல்லை. பதறிப்போயிருந்தார். மறுநாள் காலையில் தன் பால்கனி வலையைப் பிரித்தெடுத்து வந்து, என் படுக்கையறை ஜன்னலில் கட்டிவிட்டுப் போனார். பூவும் வழக்கம்போல வந்தது.

என் செடி கருக வேண்டுமென்று ஒருவர் ஒரு வாரம் பாடுபட்டிருந்தால், அவர் தலைக்கு நான் வலை கட்டியிருப்பேனா? மாட்டேன். அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்று அண்ணாச்சி மேல் இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.