பிள்ளை தூக்கின ஸ்ரீஸ்கந்தராசா

ஆம்பிளையாய்ப் பிறந்தவன் பிள்ளை தூக்கிக்கொண்டு திரியக்கூடாது என்பது ஸ்ரீஸ்கந்தராசாவின் கொள்கை. மகள் ஆரபியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றைக்கே, வாசலில் வைத்து இதை அவர் உலகத்துக்கு அறிவித்துவிட்டார். உலகம் என்றால் மனைவி நேசமலரும் ஓட்டோக்காரனும். ஓட்டோக்காரனுக்குத் தமிழ் தெரியாது. நேசமலர் பிள்ளையோடு உள்ளே போய்விட்டாள்.

ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். யாழ்ப்பாணம் முழுக்கச் சண்டையால் இடம்பெயர்ந்தபோது சங்கக்கடைப் பூட்டுகளின் திறப்புகள் மட்டும் அவரோடு கூட வந்தன. கடை வரவில்லை. கொழும்புக்கு வந்து, அங்கே கிருலப்பனையில் சிங்களவர் நடுவே பிறந்து வளர்ந்த நேசமலரைக் கட்டி, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு அனெக்ஸில் குடியிருந்தார். அவள் ஒரு கப்பல் கொம்பனியில் ஸ்ரெனோ. வீட்டில் அடுப்பு எரிந்தது அவளுடைய சம்பளத்தில்.

அவர் தகுதிக்கேற்ற வேலை தேடிக்கொண்டிருந்தார். காலமை வெளிக்கிட்டால் பின்னேரம்தான் திரும்புவார். தேடியது முழுக்க ஒரே லொட்ஜில். வெளிநாடு போவதற்கு ஏஜென்சிக்காரனைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்களோடு அங்கே முன்னூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் விளையாடுவார். தகுதிக்கேற்ற வேலை ஒருநாளும் அந்த அறைக்கதவைத் தட்டவில்லை.

"இஞ்சேருங்கோ, என்ர பிரசவ லீவு முடியப்போகுது. பிள்ளையை ஆர் பாக்கிறது?"

"ஆராவது ஒரு மனிசியைப் பிடியும்."

"பிடிக்கிறதுக்கு அது என்ன கோழியே? ஊர்பேர் தெரியாத ஆளிட்ட பச்சைப்பிள்ளையை விடேலுமே? நீங்கள் பகலில வீட்டில நிண்டால்..."

"நானோ? அப்ப வேலை ஆர் தேடுறது?"

"தேடுங்கோ. ஆனால் தேடின இடத்திலயே திரும்பத் திரும்பத் தேடாதையுங்கோ."

இவளுக்கு ஏதும் தெரியுமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளுமளவுக்குத் துணிவில்லை.

லொட்ஜுக்குப் போகிற வழியில், காலி வீதிச் சந்தியில் ஒரு காவலரண் இருந்தது. யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டையைக் கண்டால் ஆமிக்காரன் கையை உயர்த்தச் சொல்லித் தடவி, பிறகு கேள்வி கேட்பான். ஸ்ரீஸ்கந்தராசாவுக்குத் தெரிந்த சிங்களம் இரண்டு சொல். ஒன்று 'ஆம்' என்கிற 'ஓவ்', மற்றது 'இல்லை' என்கிற 'நே'. எந்தக் கேள்விக்கு எதைச் சொல்வது என்பதுதான் தெரியாது.

ஒருநாள் நேசமலர் காய்ச்சலில் படுத்துவிட்டாள். பிள்ளை வயிற்றுக்குத்தில் வீரிட்டு அழுதது. வேறு வழியில்லாமல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, கிரைப் வோட்டர் வாங்கப் பாமசிக்கு நடந்தார். சந்தியில் அதே ஆமிக்காரன். இவர் அடையாள அட்டைக்குச் சட்டைப்பையைத் தடவ, அவனோ "லஸ்ஸன பபெக்!" என்று பிள்ளையின் வடிவைச் சொல்லிச் சிரித்து, பிள்ளையின் கன்னத்தை விரலால் தொட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு ஞானம் பிறந்தது. கைக்குழந்தை இருந்தால் கைது இல்லை! கொள்கைக்கு அந்தச் சந்தியிலேயே சவஅடக்கம் நடந்தது.

"மலர், பிள்ளைக்கு நாளாந்தம் கடற்காத்துப் படவேணும். நீர் ஆறுதலாய்ப் படும். நான் கொண்டுபோறன்."

நேசமலர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போத்தல் பால், மாற்றுத் துணி, பவுடர் எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கிக் கொடுத்தாள்.

ஆரபி லொட்ஜுக்குப் போனாள். கட்டிலில் சாரத்தை விரித்து அவளைக் கிடத்திவிட்டு ஆட்டம் நடந்தது. நல்ல சீட்டு வருகிற நேரம் பார்த்து அவள் வெளிக்குப் போவாள். லண்டன் போகக் காத்திருந்த சிவபாதசுந்தரம் தாலாட்டுப் பாடினார். அதைக் கேட்டுப் பிள்ளை இன்னும் பெரிதாக அழுதது. ஸ்ரீஸ்கந்தராசா துணி மாற்றப் பழகினார். முதுகில் தட்டி ஏவறை எடுக்கப் பழகினார். பாலின் சூட்டைப் புறங்கையில் விட்டுப் பார்க்கப் பழகினார். ஒரு கையில் சீட்டு, மற்றக் கையில் பிள்ளை.

"என்னப்பா, பிள்ளையில சுருட்டு மணக்குது?"

"கடற்காத்து."

"கடல் எப்ப சுருட்டுப் பத்தப் பழகினது?"

அடுத்தநாள் பையில் அவள் இன்னொரு மாற்றுத் துணியும் சேர்த்து வைத்தாள். அவருக்கு அதுதான் பயமாக இருந்தது.

பிறகு ஒருநாள் ஆரபிக்கு மூக்கொழுகித் தடிமன். வெளியே விடமுடியாது என்று நேசமலர் சொல்லிவிட்டாள். ஸ்ரீஸ்கந்தராசா தனியே வெளிக்கிட்டார். சந்தியில் ஆமிக்காரனைக் கண்டு, பழகிய சிநேகிதனைப் பார்ப்பதுபோலச் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. இத்தனை நாளும் பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தவன், அதைத் தூக்கியவனின் முகத்தைப் பார்த்திருக்கவில்லை. என்னவோ கேட்டான். இவர் 'நே' சொல்லவேண்டிய இடத்தில் 'ஓவ்' சொன்னார். லொட்ஜில் சீட்டுக்குத் துரும்பு சொல்லவேண்டியவரைச் சந்தியில் ஆமித் துருப்பு பிடித்தது.

பொலிஸ் நிலையத்தில் வெறும் நிலத்தில், தன்னைப்போல அள்ளிவரப்பட்டவர்களோடு நெருக்கியடித்துக்கொண்டு குந்தியிருந்தார். இப்படிப் பிடிபட்டு மாதக்கணக்காக வீடு வராதவர்களை அவருக்குத் தெரியும். பிள்ளையின் தடிமன் எப்படியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் நேசமலர் வந்தாள். தோளில் ஆரபி. துணைக்குப் பக்கத்து வீட்டுத் தாஸிம். அவள் அதிகாரியோடு சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தாள். இடையிடையே அழுதாள். அதிகாரி தலையை நிமிர்த்தாமலே ஒரு சின்ன வசனம் சொன்னான். ஸ்ரீஸ்கந்தராசா எழும்பலாமாம்.

"என்னவாம்?" என்று வாசலில் வைத்துக் கேட்டார்.

"வேலைவெட்டி இல்லாமல் லொட்ஜுக்குப் போய்வாற ஆளெண்டு உங்களைக் கவனிச்சுக்கொண்டுதான் இருந்தவையாம். இனிப் பகலில வீட்டில பிள்ளையோட நிக்கவேணுமாம். எந்த நேரமும் வந்து பாப்பினமாம். ஆள் இல்லையெண்டால் அடுத்தமுறை விடமாட்டினமாம்."

"இவ்வளவத்தையும் அந்தச் சின்ன வசனத்திலயோ சொன்னவன்?"

"சிங்களம் அப்பிடித்தான். சுருக்கமான பாஷை."

அடுத்த கிழமை நேசமலர் வேலைக்குப் போனாள். ஸ்ரீஸ்கந்தராசா வீட்டில் நின்றார். கதவு தட்டுப்பட்டால் ஓடிப்போய், நித்திரை கொள்கிற பிள்ளையையும் பறித்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் திறப்பார். பாண்காரன் அவரைப் பிள்ளையில்லாமல் பார்த்ததே இல்லை. பொலிஸ் மட்டும் வரவில்லை.

ஒருநாள் கொடியில் பிள்ளைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாஸிம் கேட்டார்.

"என்ன, ஒங்கள வெளிய காணவே இல்லயே?"

"பொலிஸ் ஓடர். அண்டைக்கு அந்த அதிகாரி சொன்னது உங்களுக்கும் கேட்டதுதானே."

"எனக்குக் கேட்டிச்சு. உள்ளுக்கு எடமில்ல, இவனக் கூட்டிட்டுப் போங்க எண்டுதான் சொன்ன. வேற ஒண்டும் சொல்லல்லயே!"

ஈரத்துணி கையிலிருந்து விழுந்தது. தன்னை ஒருவரும் கவனித்திருக்கவில்லை. பயங்கரமான ஆள் என்று ஒருவரும் எண்ணியிருக்கவில்லை. இடமில்லாததால் வெளியே தள்ளியிருக்கிறார்கள், சங்கக்கடையில் பழுதான மாவை ஒதுக்கிவிடுவதுபோல.

பின்னேரம் நேசமலர் வேலையால் வந்தாள். ஸ்ரீஸ்கந்தராசா வாசலிலேயே சன்னதங்கொண்டு நின்றார். ஆனால் பெரும்பாடுபட்டு நித்திரையாக்கிய ஆரபி தோளில் கிடந்தாள். ஆகவே குசுகுசுத்தபடிதான் கர்ச்சிக்கவேண்டியிருந்தது.

"பொலிஸ் அப்பிடிச் சொல்லேல்லையாமே?"

"இல்லை," என்று அவளும் குசுகுசுத்தாள்.

"பொய்யைச் சொல்லி என்னை வீட்டுக்குள்ள பூட்டிப்போட்டீர்!"

"அண்டைக்குக் கைப்பிள்ளையோட பொலிஸ் பொலிசாய் ஏறி இறங்கி உங்களைத் தேடினனான். ஒவ்வொரு இடத்திலயும் இல்லையெண்டு கலைச்சவங்கள். இனி என்னால ஏறேலாது."

அவர் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினார். ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"எண்டாலும் நாளைக்கு நான் வெளிய போகத்தான் போறன். பிடிச்சால் பிடிக்கட்டும். நான் ஆர், எவர், ஒரு பிழையும் செய்யாத மனிசன் எண்டு, நெஞ்சை நிமித்தி உண்மையைச் சொல்லுவன்!"

நேசமலர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:

"எந்தப் பாஷையில?"